மார்கழிக் குளிரில் உல்லன் பின்னல்: எங்கெல்லாம் கணக்கு தப்புகிறது?

மார்கழி பிறந்தால் கோயம்புத்தூரில் விடிகாலை 18, 19 டிகிரிக்கு இறங்கும். திண்ணையில் சுக்குமல்லிக் காபி, பக்கத்தில் ஒரு புத்தகம், மடியில் உல்லன் நூல் என்று உட்கார ஆசை வருவது இந்தக் கொஞ்ச நாட்கள்தான். அந்த ஆசையில் தொடங்கிப் பரண் மேல் ஏறிய அரைகுறை ஸ்வெட்டர்கள் ஏராளம். அவற்றில் பாதி, கை பழகாததால் கெட்டவை அல்ல. ஊசி எடுக்கும் முன்பே நூலிலும் நம்பரிலும் அளவிலும் தப்பியவை.

நூலில் இருந்தே தொடங்கலாம். யூடியூபில் காட்டும் தடித்த கம்பளி ஸ்வெட்டர்கள் பனி கொட்டும் ஊர்களுக்கானவை. வால்பாறை, ஊட்டி போகிறவருக்கு உதவும். பொள்ளாச்சியிலோ ஈரோட்டிலோ காலை ஒன்பது மணிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு நடமாட முடியாது. நம் சமவெளிக்கு, 100 கிராமில் 200 முதல் 250 மீட்டர் வரும் பருத்தி-அக்ரிலிக் கலப்பு நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் போதும். சுத்தப் பருத்தியிலும் பின்னலாம். ஆனால் அதற்கு மீள்தன்மை குறைவு; மணிக்கட்டும் இடுப்பும் சீக்கிரமே தொளதொளத்துவிடும், ஆடை தன் எடையாலேயே நீளும்.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சபலம் உண்டு: பனியன் கம்பெனிக்கு வரும் கோன் நூலையே வாங்கினால் என்ன? 30ஆம் கவுண்ட் (நூலின் மெலிவைச் சொல்லும் எண்) ஒற்றை நூல் கிராமுக்கு ஏறத்தாழ 50 மீட்டர் ஓடும். கைப்பின்னலுக்கு வேண்டியதோ கிராமுக்கு இரண்டு, இரண்டரை மீட்டர். இருபது இழைகளைச் சேர்த்தால்தான் அந்தத் தடிமன் வரும். சேர்த்தாலும் ஊசி முனை நாலு இழையை விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்கும். ஒற்றை இழையின் முறுக்கு பின்னலையே ஒரு பக்கம் சாய்க்கவும் செய்யும். நாலு முறை துவைத்த டீஷர்ட்டின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் நகர்ந்து வருகிறதே, அதே சங்கதிதான்.

பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருளுவதை அந்த ஊரில் சின்னப் பிள்ளையும் பார்த்திருக்கும். ஒரு வரி நிட் (நூலைப் பின்னால் வைத்துப் பின்னுவது), ஒரு வரி பர்ல் (முன்னால் வைத்துப் பின்னுவது) என்று மாற்றிப் பின்னினால் கிடைப்பதும் அதே துணிதான். மேல் ஓரமும் கீழ் ஓரமும் முகப்புப் பக்கம் சுருளும், இரண்டு பக்க ஓரங்களும் பின்பக்கம் சுருளும். இதில் மஃப்ளர் பின்னினால் குழாய்தான் மிஞ்சும். எல்லா வரியும் நிட்டாகவே போடுங்கள். அல்லது இரண்டு ஓரத்திலும் ஐந்தைந்து கண்ணியை (ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை) எல்லா வரியிலும் நிட்டாகவும், தொடக்கத்திலும் முடிவிலும் ஆறாறு வரியை முழுக்க நிட்டாகவும் வையுங்கள். சுருளை நிமிர்த்த அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. சூட்டில் இழை தளர்ந்து, பின்னல் துவண்டுவிடும். திரும்பப் பழைய நிலைக்கு வராது.

அடுத்தது ஊசி நம்பர். “ஏனுங்ணா, பத்தாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி குடுங்க” என்று கேட்டால் பல கடைகளில் 3.25 மில்லிமீட்டர்தான் வரும். அது பழைய பிரிட்டிஷ் கணக்கு. நூல் கவுண்ட் போலவே, நம்பர் கூடினால் ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் பத்தாம் நம்பர் என்றால் 6 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 4 மில்லிமீட்டருக்கு பிரிட்டிஷில் 8, அமெரிக்காவில் 6. நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள்.

மாதிரித் துண்டு பின்னாமல் ஸ்வெட்டரைத் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தப்பு. பின்னல் குறிப்பில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று இருக்க, உங்கள் கைக்கு 20தான் வருகிறது என்று வையுங்கள். முன்பக்கத்துக்கு 110 கண்ணி என்றால் 50 சென்டிமீட்டர் வர வேண்டியது 55 ஆகும். முன்னும் பின்னும் சேர்த்து மார்புச் சுற்றில் 10 சென்டிமீட்டர் கூடுதல். தம்பிக்குப் பின்னியது மாமாவுக்குத்தான் பொருந்தும். 15 சென்டிமீட்டர் சதுரமாகப் பின்னி, துவைத்து, காய்ந்தபின் நடுவில் 10 சென்டிமீட்டரை அளக்க வேண்டும். ஓரத்தில் அளந்தால் பொய் சொல்லும். கண்ணி குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கும், அதிகமாக வந்தால் தடித்த ஊசிக்கும் மாறுங்கள்.

உருண்டைகளின் லேபிளில் சாய லாட் நம்பர் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்கான எண்) ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். 20 சென்டிமீட்டர் அகலம், 150 சென்டிமீட்டர் நீள மஃப்ளருக்கு 200 கிராம் சுமாராக ஆகும். ஓர் உருண்டை கூடவே வாங்கிவிடுவது நல்லது.

முதல் வரிக் கண்ணிகளை ஊசியில் இறுக்கி ஏற்றுவது புதியவர்களின் வழக்கம்; குல்லா தலையில் இறங்காது. ஏற்றுவதற்கு மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசி எடுங்கள். 30 கண்ணியில் தொடங்கிய மஃப்ளர் 38 ஆகி முக்கோணமாக விரிகிறதா? வரியின் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருக்கும். அப்போது முதல் கண்ணி இரண்டாகத் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவீர்கள். நூலைக் கீழே தொங்கவிட்டு, இரண்டு ஊசி முனைகளுக்கு நடுவே பின்னால் கொண்டுபோக வேண்டும். நாலு வரிக்கு ஒரு தடவை எண்ணினால் போதும்.

படிப்பும் பின்னலும் சேரும் இடத்தில் வேறு வகைத் தப்புகள். கதை சுவாரசியமாகப் போகும்போது வரியின் நடுவில் நிறுத்துகிறோம். திரும்ப எடுக்கையில் ஊசிகளைக் கைமாற்றிப் பிடித்தால், வந்த வழியே திரும்பிப் பின்னி ஓட்டை விழும், ஒரு பக்கம் இரண்டு வரி உயரும். உருண்டைக்குப் போகும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலக்கையில் இருக்க வேண்டும். கூடுமானவரை வரியை முடித்துவிட்டே பக்கம் புரட்டுங்கள். கண்ணிகளை இடம் மாற்றிப் பின்னும் முறுக்கு டிசைனோடு புத்தகம் சேராது. அதற்குக் கண் வேண்டும், ஒலிப்புத்தகம்தான் தோது. ஊசியைப் பக்க அடையாளமாக வைக்காதீர்கள். புத்தக முதுகு பிளக்கும், கண்ணியும் நழுவும்.

மார்கழியில் சீக்கிரமே இருட்டிவிடுவதால், கறுப்பு, கருநீல நூலை இரவு வேலைக்கு எடுக்காமல் இருப்பது உத்தமம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள், கண்ணிகள் தெளிவாகத் தெரியும். நழுவிய கண்ணியைக் கண்டால் பதறி இழுக்க வேண்டாம். முதலில் ஊக்கில் மாட்டி நிறுத்துங்கள். பிறகு துணியின் நிட் பக்கம் உங்களைப் பார்த்திருக்க, கொக்கி முனை உள்ள குரோஷா ஊசியால் ஏணிப்படி போன்ற ஒவ்வொரு இழையையும் கண்ணிக்குள் இழுத்து மேலே ஏற்றலாம்.

முடித்த ஆடையைக் கொடியில் போட்டால் தோளில் கிளிப் தடமும், கீழே ஒரு சாண் நீட்டமும் நிச்சயம். பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கித் தண்ணீரை எடுத்து, நிழலில் பாயில் பரப்புங்கள். சுத்தக் கம்பளியானால் வெந்நீரும் தேய்ப்பும் வேண்டாம், இறுகிச் சுருங்கிவிடும். மாசியில் எடுத்து வைக்கும்போது துவைக்காமல் மடித்தால், வியர்வை பட்ட இடத்தைத்தான் பூச்சி முதலில் அரிக்கும். நன்றாகக் காய வைத்து, மூடியிறுக்கமான டப்பாவில் போடுங்கள். வேப்பிலை போடுகிறவர்கள் சருகாகக் காய்ந்ததைத் துணியில் முடிந்து போடுங்கள், பச்சை இலையின் ஈரம் கறையாகப் பிடிக்கும்.