அளந்து வை, சொல்லி உருட்டு: மினியேச்சர் போர் விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி விளையாட்டில் விதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வீரன் எவ்வளவு தூரம் நடக்கலாம், குண்டு பட்டதா, எத்தனை உயிர் பாக்கி என்று யாரும் கவலைப்பட வேண்டாம். மினியேச்சர் ஆட்டத்தில், அதாவது சிறு பொம்மை வீரர்களை மேசைமேல் டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையிடும் ஆட்டத்தில், அந்த வேலை மேசைக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு பேருடையது. நடுவர் கிடையாது. அதனால் கிளப்பில் ஓர் ஆட்டம் கசந்துபோனால் காரணம் பெரும்பாலும் வியூகம் அல்ல. அரைகுறையாக அளந்திருப்பார்கள், மனதில் நினைத்ததை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள், பகடையை அவசரமாக அள்ளியிருப்பார்கள். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்கள் அபூர்வம். ஆனால் கவனக்குறைவு எதிரில் நிற்பவருக்கு ஏமாற்று மாதிரியேதான் தெரியும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. பொம்மையின் பேஸ், அதாவது அது நிற்கும் தட்டு, அதன் முன்விளிம்பில் டேப்பை வைத்து 6 அங்குலம் அளப்பார்கள். பிறகு பொம்மையைத் தூக்கி, 6 அங்குலக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பின்விளிம்பு கோட்டைத் தொடுகிற மாதிரி வைப்பார்கள். பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பேஸ் 32 மில்லிமீட்டர் என்றால், அந்த வீரன் 6 அங்குலத்தோடு இன்னொரு 32 மில்லிமீட்டரும் நடந்துவிட்டான். ஐந்து சுற்று இப்படியே போனால் 160 மில்லிமீட்டர். 6 அங்குலம் என்பது 152 மில்லிமீட்டர்தான். ஆக, ஆட்டம் முடிவதற்குள் ஒரு முழு நகர்வை அவன் இலவசமாக வாங்கிவிடுகிறான். முன்விளிம்பில் தொடங்கினால் முன்விளிம்பிலேயே முடியுங்கள், பின்விளிம்பில் தொடங்கினால் பின்விளிம்பில்.

நீள்வட்ட பேஸில் இது வேறு வடிவத்தில் வரும். 75-க்கு 42 மில்லிமீட்டர் பேஸில் நிற்கும் குதிரைவீரனைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, நேராக முன்னே நகர்த்தி, கடைசியில் மூக்கு எதிரியைப் பார்க்கும்படித் திருப்பினால், திருப்பிய அந்த ஒரு அசைவிலேயே 16 மில்லிமீட்டருக்கு மேல் முன்னேறிவிடுகிறான். பல விதிப்புத்தகங்கள் பேஸின் எந்தப் புள்ளியும் அனுமதித்த தூரத்துக்கு மேல் நகரக்கூடாது என்கின்றன. சில, திரும்புவதற்குத் தனியாக ஒரு விலை வைக்கின்றன. உங்கள் விளையாட்டு எந்த ரகம் என்று முதல் சுற்றுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பத்துப் பேர் ஒன்றாக ஆடும் யூனிட்டை (குழுவை) நகர்த்தும்போது முன்வரிசையில் ஒருவனை மட்டும் அளந்துவிட்டு, மற்ற ஒன்பது பேரைக் கண்ணளவில் இழுத்துக்கொண்டு போவது அடுத்தது. பின்வரிசைக்காரன் 8, 9 அங்குலம்கூட ஓடியிருப்பான். பத்து பேரையும் தனித்தனியே அளந்தால் நேரம் ஆகும் என்பது உண்மைதான். முன்னால் நிற்பவனையும் கடைசியில் நிற்பவனையும் அளந்துவிட்டு நடுவில் இருப்பவர்களை நிரப்பினால் போதும். ஒரு வீரனைத் தூக்குவதற்கு முன் அவன் நின்ற இடத்தில் ஒரு சிறிய பகடையை வையுங்கள். "எங்கே இருந்து எடுத்தீங்க?" என்ற கேள்விக்கு அதுதான் பதில். சுவரைச் சுற்றிப் போகும்போது நேர்க்கோட்டில் அளக்கக் கூடாது, நடக்கிற வழியில் டேப்பை வளைக்க வேண்டும். எஃகு டேப் வளையாது என்பதால் 1, 2, 3 அங்குல அளவுக் குச்சிகள் இரண்டு மூன்று கையில் இருப்பது நல்லது.

அளப்பதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், நோக்கத்தைச் சொல்வது. கிட்டத்தட்ட எல்லாச் சச்சரவுகளையும் இது முளையிலேயே கிள்ளிவிடும். "இவனை உங்க குதிரைப்படைக்கு 12 அங்குலத்துக்கு வெளியே நிறுத்துறேன், சரியா?" என்று கேட்டு, எதிராளியும் குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டால், அடுத்த சுற்றில் கைபட்டுப் பொம்மை கால் அங்குலம் நகர்ந்திருந்தாலும் பிரச்சினை இல்லை. ஒப்புக்கொண்டது 12-க்கு வெளியே, அவ்வளவுதான். சுவருக்குப் பின்னால் முழுதாக மறைந்து நிற்பதும் அப்படியே. நிறுத்தும்போதே சொல்லிவிடுங்கள். சுடும் நேரத்தில் தோள்பட்டை தெரிகிறதா, வாள்முனை தெரிகிறதா என்று இருவரும் மேசைமேல் கன்னத்தை வைத்துப் பார்க்கும் காட்சிக்குத் தேவை இருக்காது.

பகடை

உருட்டுவதற்கு முன் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்த யூனிட் எதைச் சுடுகிறது, எத்தனை பகடை, எந்த எண் தேவை. "வில்லாளிகள் பத்து பேர் அந்த ஈட்டிப்படை மேலே, இருபது பகடை, மூணும் அதுக்கு மேலயும்." உருட்டிய பிறகு "இல்ல இல்ல, இது பக்கத்து யூனிட்டுக்கு" என்று சொல்ல நேர்ந்தால், நீங்கள் நேர்மையாகவே சொன்னாலும் கெட்ட பெயர்தான்.

உருட்டியதும் தோற்ற பகடைகளை எடுங்கள், ஜெயித்தவற்றை மேசையில் விட்டுவையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஜெயித்தவற்றைச் சட்டென்று அள்ளி அடுத்த உருட்டலுக்குப் போய்விடுவார்கள். எதிராளி எண்ணுவதற்குள் ஆதாரம் கையில் இருக்கும். மேசையில் ஜெயித்தவை மட்டும் மிஞ்சினால் இருவரும் எண்ணலாம், அதே பகடைகளை அப்படியே அடுத்த கட்டத்துக்கும் எடுக்கலாம்.

சாய்ந்து நிற்கும் பகடை, மேசையிலிருந்து விழுந்த பகடை, கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏறிக்கொண்ட பகடை ஆகியவற்றை என்ன செய்வது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். பொதுவான வழக்கம், அந்த ஒன்றை மட்டும் மறுபடி உருட்டுவது. விழுந்த பகடையில் 6 இருந்தால் செல்லும், 1 இருந்தால் செல்லாது என்று பார்த்து முடிவெடுப்பதுதான் வம்பு. விளிம்பு வைத்த தட்டில் உருட்டினால் இதில் பாதி குறையும், பெயின்ட் அடித்த பொம்மைகளும் பிழைக்கும்.

படம் போட்ட பகடைகளில் ஒரு பொறி இருக்கிறது. சிலவற்றில் 6-க்குப் பதில் சின்னம் இருக்கும், சிலவற்றில் 1-க்குப் பதில். இரண்டு வகையும் கலந்து கிடந்தால் யாருக்கும் புரியாது. புள்ளி தெளிவாகத் தெரிகிற, அடர்நிறத்தில் வெள்ளைப்புள்ளி வைத்த சாதாரணப் பகடைகள்தான் கிளப்புக்கு ஏற்றவை. உயிர்க்கணக்குக் காட்ட பொம்மை அருகே வைக்கும் பகடை வேறு நிறத்தில், வேறு அளவில் இருக்கட்டும். இல்லையென்றால் யாராவது அதையும் சேர்த்து அள்ளி உருட்டிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பூதத்துக்கு 3 உயிரா 5 உயிரா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

கணக்குத் தெரியாமல் கோபப்படுவது

"என் பகடை என்னைக்குமே இப்படித்தான்" என்கிற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் கணக்குப் போடாத எதிர்பார்ப்பு இருக்கும். 20 குண்டு சுடுகிறீர்கள். பட 3 அல்லது மேல், காயப்படுத்த 4 அல்லது மேல், எதிராளி கவசத்தால் தப்ப 4 அல்லது மேல். 20-இல் மூன்றில் இரண்டு பங்கு படும், அதாவது 13 சொச்சம். அதில் பாதி காயம், 6 சொச்சம். அதில் பாதியைக் கவசம் தடுக்கும். மிஞ்சுவது சராசரியாக மூன்று சொச்சம். 20 பகடையை உள்ளங்கையில் குலுக்கும்போது எதிரில் நிற்கும் பத்துப் பேரும் சாவார்கள் போலத் தோன்றும். மூன்று பேர் சாவதுதான் நியாயமான விளைவு.

எதிரிமேல் ஓடிப்போய் மோதும் பாய்ச்சலிலும் இதே ஏமாற்றம்தான். பல விளையாட்டுகளில் பாயும் தூரம் இரண்டு பகடையின் கூட்டுத்தொகை. 7 அல்லது மேல் வர வாய்ப்பு 58 சதவீதம். 8-க்கு 42. 9-க்கு வெறும் 28. ஒரே ஒரு அங்குலம் கூடுவதால் பதினான்கு முதல் பதினேழு சதவீதம் கரைகிறது. 9 அங்குலப் பாய்ச்சலை நம்பித் திட்டம் போடுகிறவர் நாலில் மூன்று முறை நட்டநடு வெளியில் நிற்பார். இரண்டு பகடையையும் மறுபடி உருட்டும் உரிமை இருந்தால்கூட 9-க்கு வாய்ப்பு 48 சதவீதம்தான், பாதிக்கும் கீழே. அதனால் முந்தைய நகர்வில் ஒரு அங்குலம் சேர்த்து நெருங்க முடிந்தால் நெருங்குங்கள்.

எதிரியைக் கொன்று குவிப்பதிலேயே மூழ்கி, புள்ளி எதற்குக் கிடைக்கிறது என்பதை மறப்பது இதற்கு அண்ணன். இப்போதைய விளையாட்டுகள் பலவற்றில் வெற்றி மேசையில் குறித்த இடங்களைப் பிடித்து வைத்திருப்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் புள்ளியை எழுதுங்கள், எதிராளியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசியில் கூட்டிப் பார்க்கலாம் என்று விட்டால் இருவர் நினைவும் இரண்டு விதமாக இருக்கும்.

மொட்டை மேசை

கட்டடமும் குன்றும் காடும் போதாத மேசையில் சுடும் படையே ஜெயிக்கும். வாள்படை நடந்து வருவதற்குள் பாதி காலி. வார்ஹாமர் 40,000 என்ற மினியேச்சர் விளையாட்டில், வீரர்களின் புள்ளி விலையைக் கூட்டினால் ஒரு படைக்கு 2000 வரும் ஆட்டத்துக்கான 44-க்கு 60 அங்குல மேசையில் பத்துப் பன்னிரண்டு துண்டு நிலஅமைப்பாவது வேண்டும். அவற்றில் பார்வையை முழுதாக மறைக்கும் உயரமானவை குறைந்தது இரண்டு நடுப்பகுதியில் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் ஓரத்தில் அடுக்கிவிட்டு நடுவை மைதானமாக விடுவதுதான் வழக்கமான பிழை. சோதிக்க எளிய வழி: ஒரு பக்கம் குனிந்து, கண்ணைப் பொம்மையின் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். எதிர்முனை முழுதும் பளிச்சென்று தெரிந்தால் இன்னும் இரண்டு கட்டடம் எடுத்து வையுங்கள். இடைவெளிகளில் உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய பேஸ் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். பீரங்கி வண்டி ஆட்டம் முழுக்க நிறுத்திய இடத்திலேயே நின்றால் யாருக்கும் சுவாரஸ்யம் இல்லை.

எல்லாம் அடுக்கியபின் ஒவ்வொன்றையும் தொட்டு, "இது அடர்காடு, உள்ளே வேகம் குறையும். இந்த ஜன்னல் வழியா சுடலாம். இந்த வேலி வெறும் அலங்காரம்" என்று பேசி முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அதை விட்டால் மூன்றாம் சுற்றில் அரை மணி நேரம் போகும்.

விதிச் சண்டையும் கடிகாரமும்

விதியில் சந்தேகம் வந்தால் புத்தகத்தை ஐந்து நிமிடம் புரட்டலாம். கிடைக்கவில்லையா, ஒரு பகடை உருட்டி 4 அல்லது மேல் என்றால் உங்கள் பக்கம், இல்லையென்றால் அவர் பக்கம் என்று முடித்து ஆட்டத்தைத் தொடருங்கள். வீட்டுக்குப் போய்த் தேடிக்கொள்ளலாம். பழைய பதிப்பின் விதியை மனப்பாடத்திலிருந்து சொல்வதுதான் பாதிச் சண்டைக்கு வேர். அனுபவசாலிகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். புள்ளி விலைகளும் திருத்தங்களும் மாறிக்கொண்டே இருப்பதால், எந்தப் பதிப்பு, எத்தனை புள்ளி என்று முந்தின நாளே எதிராளியிடம் பேசிவிடுங்கள். உருவம் மாறிய பொம்மை இருந்தால், அதாவது ஈட்டி பிடித்தவனை வில்லாளியாக ஆடப்போகிறீர்கள் என்றால், அதையும் அப்போதே கேட்டுவிடுவது மரியாதை.

முதல் ஆட்டத்துக்கே 2000 புள்ளிப் படையோடு வருவதும் வேண்டாம். விதி தெரிந்த இருவருக்கே அது மூன்று மணி நேரம் இழுக்கும். 500 புள்ளி, அல்லது ஆளுக்குப் பத்துப் பொம்மை ஆடும் சிறு விளையாட்டு போதும். இணையத்தில் ஜெயித்த பட்டியலைப் பார்த்து மொத்தமாக வாங்கிக் குவித்தவர்களின் பெட்டிகள் பிரிக்கப்படாமலே தூங்குகின்றன.

நேரம் முடிகிறது என்றால் "இந்தச் சுற்றோட நிறுத்திக்கலாம்" என்பதைச் சுற்று தொடங்கும் முன் பேசுங்கள். முதலில் ஆடியவர் முடித்ததும் கடையைக் கட்டினால் அவருக்கு ஒரு முறை அதிகம் கிடைத்துவிடுகிறது. மறந்துபோன நகர்வைத் திரும்பச் செய்ய அனுமதிப்பது நல்ல பழக்கம். ஆனால் அதன்பின் ஒரு பகடை உருண்டுவிட்டால் வேண்டாம், புதிய தகவல் கைக்கு வந்துவிட்டது.

பொம்மைகள்

பசை பற்றி ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவது. ரெசினிலோ (அச்சில் வார்த்த கெட்டிப் பிசின்) உலோகத்திலோ அது பிடிக்கவே பிடிக்காது, அங்கே சூப்பர் க்ளூ வேண்டும். ரெசினில் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவாமல் அடித்த பிரைமர், அதாவது பெயின்டுக்கு முந்தின அடிப்பூச்சு, விரல் பட்டாலே உரியும். ரெசினைத் தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள், ஈரமாகத் தேயுங்கள். பிரைமர் ஸ்ப்ரேயை 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். அதற்கு மேல் போனால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி படியும், மழைநாளில் அடித்தால் வெளுத்துப் பூக்கும். பொம்மையின் கையைக் கழற்றி மாற்றிப் பொருத்தக் காந்தம் வைக்கிறவர்கள், ஒட்டுவதற்கு முன் ஜோடிக் காந்தத்தோடு சேர்த்துப் பார்த்து, வெளியே தெரியும் முகத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். திசை மாறி ஒட்டிய காந்தம் கையைத் தள்ளிவிடும். அதைத் தோண்டி எடுப்பது தனி அவஸ்தை.

அடுத்தவர் பொம்மையைக் கேட்காமல் தொடாதீர்கள். கேட்டுவிட்டு எடுத்தாலும் பேஸைப் பிடித்து எடுங்கள், வாளைப் பிடித்தல்ல. குடிக்கிற எதுவும் ஆடும் மேசைமேல் வேண்டாம், பக்கத்தில் ஒரு ஸ்டூல் போதும். கிளம்பும்போது பொம்மைகளை எண்ணிப் பெட்டியில் வையுங்கள். விட்டுப்போனவன் பெரும்பாலும் இடிந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இன்னும் காவல் காத்துக்கொண்டிருப்பான்.