மானாவாரி மக்காச்சோளத்துக்கு உரம்: எப்போது, எவ்வளவு?

இறவைப் பயிருக்குச் சொல்லும் உர அட்டவணையை மானாவாரியில் அப்படியே பின்பற்றினால் பாதி உரம் வீண். கிணறு உள்ளவர் யூரியாவைப் போட்டுவிட்டு மடையைத் திறந்துவிடுவார். நமக்கு மழைதான் மடை. எனவே கீழே வரும் நாள் கணக்கைத் தோராயமாக வைத்துக்கொண்டு, மண்ணின் ஈரத்தைப் பார்த்தே கை வையுங்கள்.

1. மண் பரிசோதனை

வயலில் 10, 15 இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சுரண்டி மண் எடுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து அரை கிலோ அனுப்பினால் போதும்.

2. தொழு உரம்

கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் மக்கிய எரு இடலாம். ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கே இது முக்கியம். அவ்வளவு கிடைக்காதவர்கள் 300 கிலோ எருவில் சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, லேசாக நீர் தெளித்து, நிழலில் ஒரு மாதம் மூடி வைத்துப் போடலாம். அப்படிச் செய்தால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிலேயே வந்துவிடும், டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட் உரம்) தேவையில்லை.

3. கணக்கு

பலரும் தடுமாறுவது இங்கேதான். பரிசோதனை அறிக்கை ஏக்கருக்குத் தழை (நைட்ரஜன்), மணி, சாம்பல் (பொட்டாசியம்) சத்து 24:12:12 கிலோ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். இது சத்தின் எடை, உரத்தின் எடை அல்ல.

முதலில் மணிச்சத்து. டி.ஏ.பி.யில் அது 46 சதவீதம், ஆகவே 26 கிலோ போட்டால் 12 கிலோ கிடைக்கும். அதே டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழைச்சத்தும் இருப்பதால் ஏறக்குறைய 4.7 கிலோ கூடவே வந்துவிடுகிறது. மீதி 19.3 கிலோவுக்கு, 46 சதவீதமுள்ள யூரியா 42 கிலோ. சாம்பல் சத்துக்கு 60 சதவீத பொட்டாஷ் 20 கிலோ. அவ்வளவுதான்.

4. அடியுரம்

விதைக்கும்போது டி.ஏ.பி., பொட்டாஷ் முழுவதையும், யூரியாவில் 10 கிலோவையும் இடுங்கள். விதையிலிருந்து 5 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. கூடுதல் ஆழத்தில் உரம் விழ வேண்டும். விதையோடு ஒட்டினால் முளை கருகி வரிசையில் பொக்கை விழும். துத்தநாகம் குறைவு என்று அறிக்கை சொன்னால் ஜிங்க் சல்பேட் 10 கிலோவை மணலோடு கலந்து தனியாகத் தூவுங்கள். டி.ஏ.பி.யோடு சேர்க்கக் கூடாது.

5. மேலுரம்

மீதி 32 கிலோ யூரியாவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பயிர் முழங்கால் உயரம் வரும்போது, சுமார் 25-ஆம் நாள், ஒரு பங்கு. ஆண் பூ வெளிவருமுன், 45-ஆம் நாள் வாக்கில், மறு பங்கு. முதல் மூன்று நான்கு வாரம் பயிர் எடுப்பது கொஞ்சம்தான், பசி அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

ஆனால் ஈரம் இருக்க வேண்டும். ஒரு கையாழத்திலிருந்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நின்றால் போடலாம். உதிர்ந்தால் பொறுங்கள், ஒரு வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

நான் ஒருமுறை நாள் தப்பக் கூடாது என்று காய்ந்த மண்ணில் மேலாகத் தூவிவிட்டேன். மழை வரவில்லை. காலைப் பனியில் கசிந்த குருணை, வெயில் ஏறியதும் அம்மோனியாவாகக் காற்றில் போனது. பயிர் வெளுத்தபடியேதான் நின்றது.

களை எடுத்த பிறகு, தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கீறி, யூரியா இட்டு, மண்ணால் மூடுங்கள். இலை நனைந்திருக்கும் காலையில் தூவ வேண்டாம். குருத்துக்குள் குருணை விழுந்தால் இலை வெந்துவிடும்.

6. மழை ஏமாற்றினால்

10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் யூரியா கரைத்து மாலையில் தெளிக்கலாம். இது சமாளிப்புதான், மேலுரத்துக்கு ஈடாகாது. இலை சுருண்டு வாடி நிற்கும்போது அதுவும் வேண்டாம்.

7. இலையைப் படியுங்கள்

அடி இலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்கினால் தழைச்சத்துக் குறைவு. அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்து. இளம் இலையில் நடு நரம்பின் இருபுறமும் வெள்ளைப் பட்டை ஓடினால் துத்தநாகம். இளம்பயிர் ஊதா நிறமானால் மணிச்சத்தாக இருக்கலாம், ஆனால் குளிரிலும் அப்படி ஆகும்.

கதிர் நூல் காய்ந்த பிறகு யூரியா போடாதீர்கள். இரண்டாம் பங்கு மழையில்லாமல் கையிலேயே தங்கிவிட்டால், சாக்கை இறுகக் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். அடுத்த பருவத்துக்கு ஆகும்.