மொட்டைமாடியில் ஹாம் ரேடியோ ஆன்டெனாவுக்கு ஒரு கம்பம்

பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் லைசென்ஸ் வந்தாச்சு, ரேடியோவும் வாங்கியாச்சு. 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) இன்வர்டட் வி ஆன்டெனா, அதாவது நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் தலைகீழ் வி வடிவக் கம்பி கட்ட, நடுவில் உயரமாக ஒரே ஒரு கம்பம் போதும்.

முதலில் மாடியேறி, மின்கம்பிகள் எங்கெங்கே போகின்றன என்று பாருங்கள். கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் அவற்றைத் தொடக் கூடாது. கம்ப உயரத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். ஆன்டெனா கம்பிக்கும் இதே எச்சரிக்கைதான். இடம் போதாவிட்டால் கம்பத்தைக் குட்டையாக்குங்கள்.

அடுத்து பைப். பி கிளாஸ் (நடுத்தர கனமுள்ள) ஜிஐ பைப்பில் ஒன்றேகால் இஞ்ச் 10 அடி, ஒரு இஞ்ச் 10 அடி வாங்குங்கள். ஒன்றரைக்குள் ஒன்றேகால் நுழையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்: ஒன்றரையின் உள்விட்டம் 41.8 மி.மீ., ஒன்றேகாலின் வெளிவிட்டமோ 42.4. ஒன்றேகாலுக்குள் ஒரு இஞ்ச் அழகாக இறங்கும். 2 அடி உள்ளே விட்டு, குறுக்கே துளைத்து இரண்டு போல்ட் முடுக்கினால் 18 அடி. மேல்வாயை மூடிவிடுங்கள், இல்லையென்றால் குளவி குடியேறும்.

நிறுத்தும் முன்பே உச்சியில் ஒரு சின்னக் கப்பி மாட்டி, கொடிக்கம்பம் போலக் கயிறு கோத்துவிடுங்கள். நான் முதல் தடவை கப்பி வைக்காமல் ஆன்டெனாவை உச்சியிலேயே கட்டினேன். முதல் மழையிலேயே, ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கேபிளின் இணைப்புக்குள் தண்ணீர். அதைத் துடைக்க மூன்று பேரைக் கூப்பிட்டு மொத்தக் கம்பத்தையும் இறக்க வேண்டியதாயிற்று!

உச்சிக்கு 3 அடி கீழே மூன்று நைலான் கயிறுகளையும் இப்போதே கட்டிக்கொள்ளுங்கள். கம்பம் சுமார் 17 கிலோ. இருவர் தூக்கிப் பிடிக்க, ஒருவர் மாடிப்படி அறைச் சுவரில் 4 அடி இடைவெளியில் இரண்டு கிளாம்ப் போடலாம். தளத்தில் மட்டும் துளை வேண்டாம், ஐப்பசியில் வீட்டுக்குள் வாளி வைக்க நேரும். கயிறுகளை மூன்று திசையில் இழுத்துக் கட்ட, மேல்மாடிக்காக விட்டுவைத்த தூண் கம்பிகள் இருந்தால் அதிர்ஷ்டம்தான். ஒற்றைச் செங்கல் கைப்பிடிச் சுவரை நம்பாதீர்கள். நைலான் இழுபடும், ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்குங்கள். கம்பத்துக்கு எர்த் கொடுங்கள். இடி மின்னல் வரும்போல இருந்தால் முன்கூட்டியே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றிவிடுங்கள்.

அப்புறம் ஆன்டெனா. மொத்தக் கம்பி நீளத்துக்கு ஒரு கணக்கு: 143-ஐ 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 20.1 மீட்டர், அதாவது ஒரு பக்கத்துக்கு 10 மீட்டர் சொச்சம். ஒரு சாண் கூடுதலாகவே வெட்டுங்கள். பேசும்போது நுனிகளில் மின்னழுத்தம் அதிகம், எனவே அவை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் பாருங்கள் (அளவு குறைந்தால் நல்லது): மிகக் குறைந்த அளவு 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே விழுந்தால் கம்பி நீளம் அதிகம். கப்பிக் கயிற்றைத் தளர்த்தி இறக்கி, இரு பக்கமும் சமமாக ஐந்து ஐந்து சென்டிமீட்டர் நறுக்கி, மறுபடி ஏற்றுங்கள்.