அம்மாவின் அறையில் வாடை அடங்கிய விதம்

மார்பகப் புற்றுநோய் முற்றிப்போய், இனி கீமோ வேண்டாம் என்று அம்மாவை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். வலியைவிட அவரைக் கூசிப்போக வைத்தது மார்பில் புற்றுநோயால் வந்த புண்ணின் வாடைதான். பார்க்க வந்த சித்தி வாசற்படியிலேயே நின்று பேசிவிட்டுப் போனதும், அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாம்பிராணி போட்டேன், ஊதுபத்தி ஏற்றினேன். எல்லாம் கலந்து இன்னும் மோசமானது.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த செவிலியர் அக்காதான் வழி காட்டினார். புண்ணில் ஒட்டிப்போன துணியை நான் அப்படியே இழுத்துக்கொண்டிருந்தேன்; ரத்தம் கசிந்தது அதனால்தான். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஊற்றினார். கொஞ்சம் ஊறியதும் துணி தானாகக் கழன்று வந்தது. கழுவிய பிறகு, மருத்துவர் எழுதித் தந்த மெட்ரோனிடசோல் மாத்திரையை மாவாகப் பொடித்துத் தூவினார். வாடையைக் கிளப்புவது காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா. இந்த மருந்து அதைத்தான் கொல்கிறது. புண் ஆறாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

கட்டு மாற்ற அரை மணி நேரம் முன்பே, வலியை அடக்கும் மார்ஃபின் மாத்திரை கொடுத்துவிட வேண்டுமாம். முன்பே தெரிந்திருந்தால் அம்மாவின் எத்தனை அழுகையைத் தவிர்த்திருப்பேன்! மார்ஃபினால் மலம் இறுகும் என்பதால் அதற்கும் தினமும் மருந்து எழுதிக் கொடுத்தார்கள்.

நாலைந்து நாளில் வாடை அடங்கியது. மறுபடி சித்தி வந்தபோது அம்மாவே கட்டில் ஓரத்தைத் தட்டி, "இங்க வந்து உக்காரு" என்றார். சித்தி உட்கார்ந்து வெகுநேரம் கால் பிடித்துவிட்டார்.