கொழும்பிலிருந்து இலக்கிய முகவரைத் தேடும் புதிய எழுத்தாளருக்கு

தமிழில் எழுதித் தமிழிலேயே நூலை வெளியிட விரும்புபவருக்கு இலக்கிய முகவர் தேவையில்லை. கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை எங்குமே தமிழ்ப் பதிப்பாளர்கள் எழுத்தாளரிடமிருந்து நேரடியாகவே பிரதியைப் பெறுகிறார்கள். அச்சுச் செலவைத் தாமே ஏற்று, வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் வெளியீட்டு விழா நடத்துவோரும் நம்மிடையே பலர். ஆங்கிலத்தில் எழுதிய நாவலோ, தமிழ் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்போ லண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள பெரிய பதிப்பகங்களைச் சென்றடைய வேண்டுமானால்தான் முகவர் தேவைப்படுகிறார். ஏனெனில் அப்பதிப்பகங்களில் பெரும்பாலானவை முகவர் வழியாக வராத பிரதிகளை வாசிப்பதில்லை.

முகவர் பிரதியைப் பதிப்பாளருக்கு விற்கிறார், ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கிறார், வரவேண்டிய பணத்தை வாங்கித் தருகிறார். தமது சொந்த நாட்டு விற்பனையில் பொதுவாக 15 வீதத்தையும், வெளிநாட்டு மற்றும் மொழிபெயர்ப்பு உரிமைகளில் 20 வீதத்தையும் தமது தரகாக எடுத்துக்கொள்கிறார். நூல் விற்றால் மட்டுமே அவருக்கு வருமானம் உண்டு. ஆகவே பிரதியை வாசிப்பதற்கென்றோ, திருத்துவதற்கென்றோ, பதிவு செய்வதற்கென்றோ முன்பணம் கேட்பவர் எந்த நாட்டு முகவரியைக் காட்டினாலும் அவரை விட்டு விலகிவிட வேண்டும். எனக்கு நெருங்கிய ஒருவர், ஓய்வூதியப் பணத்தின் ஒரு பகுதியை அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, பாராட்டுக் கடிதம் ஒன்றைத் தவிர வேறெதையும் பெறவில்லை. அவருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன். பிரித்தானிய முகவர்களுக்கு 1974 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. அதன் உறுப்பினர் பட்டியலை எவரும் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

பொருத்தமான முகவரைக் கண்டுபிடிக்க மிகவும் நம்பகமான வழி, நூல்களின் நன்றியுரைப் பக்கமே. உங்கள் நாவலுக்கு இயல்பில் நெருங்கிய, கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வெளிவந்த நாவல்களைக் கொழும்புப் பொது நூலகத்திலோ புத்தகக் கடைகளிலோ எடுத்துப் பாருங்கள். எழுத்தாளர்கள் தம் முகவரின் பெயரைக் கூறி அங்கே நன்றி சொல்லியிருப்பார்கள். புளூம்ஸ்பெரி பதிப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் எழுத்தாளர் கையேட்டிலும் முகவர்களின் விபரம் இருக்கிறது. டில்லியிலும் ரெட் இங்க், ரைட்டர்ஸ் சைட் போன்ற முகவர் நிறுவனங்கள் உண்டு. நமது சூழலை விளக்கத் தேவையில்லாத வாசகர் அங்கே கிடைப்பதால், முதலில் டில்லியை நோக்குவது தவறல்ல என்பது என் கருத்து. பெயர்களைச் சேர்த்தபின் ஒவ்வொருவரின் இணையதளத்தையும் திறந்து, அவர் இப்போது புதிய பிரதிகளை ஏற்கிறாரா, எவ்வகை நூல்களை விரும்புகிறார், எந்த வடிவில் கேட்கிறார் என்பனவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தில் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே எழுதுவது முறை.

நாவலை முழுமையாக எழுதி, திருத்தி முடிக்கும்வரை எவருக்கும் எழுதாதீர்கள். முதல் நாவலுக்கு 80,000 முதல் 100,000 சொற்கள் வரை பொதுவாக ஏற்கத்தக்க அளவு. புனைவல்லாத நூலாயின், திட்ட விளக்கமும் மாதிரி அத்தியாயங்களும் போதும்.

நம்மவர்கள் பெரிதும் தடுமாறுவது அறிமுகக் கடிதத்தில்தான். பாடசாலையிலும் அலுவலகத்திலும் பழகிய விண்ணப்ப நடையில், பணிவான வேண்டுகோளில் தொடங்கி, பட்டங்களையும் பதவிகளையும் வரிசைப்படுத்தி, பின்னர் இலங்கையின் இனப்பிரச்சினையை இரண்டு பந்திகளில் விளக்கி, கதைக்கு வருவதற்குள் பக்கம் முடிந்துவிடுகிறது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. 'போரின் வலியைப் பேசும் நாவல்' என்று எழுதினால் வாசிப்பவர் மனதில் எதுவும் பதியாது. '1983 யூலையில் பம்பலப்பிட்டியில் எரிந்த கடையின் கணக்குப் புத்தகம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மகளின் கைக்கு வருகிறது. தந்தையிடம் கடன் வாங்கியவர்களின் வரிசையில், கடைக்குத் தீ வைத்தவனின் பெயரும் இருக்கிறது' என்று எழுதினால், அடுத்து என்ன நடந்தது என்று அவர் கேட்பார். அதன்பின் சொல்லெண்ணிக்கை, ஒப்பிடத்தக்க அண்மைக்கால நூல் ஒன்றோ இரண்டோ, உங்களைப் பற்றிய இரண்டு வரிகள், அந்த முகவரை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்பதற்கான உண்மையான காரணம் ஆகியவை போதும்.

மைக்கல் ஒண்டாச்சி தமது புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு 1992இல் நிறுவிய கிரேஷியன் விருதின் குறும்பட்டியலில் இடம்பெற்றிருந்தால், அதையும் குறிப்பிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதும் இலங்கைவாசிகளுக்கான இவ்விருது அச்சேறாத பிரதிகளையும் ஏற்கிறது. 2022இல் புக்கர் பரிசு வென்ற ஷெஹான் கருணாதிலக, 2008ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் விருதை அச்சேறாத ஒரு பிரதிக்கே பெற்றார்.

கடிதத்துடன், முடிவையும் மறைக்காமல் சொல்லும் கதைச்சுருக்கத்தை இணைக்க வேண்டும். பிரித்தானிய முகவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று அத்தியாயங்களைக் கேட்பர்; அமெரிக்கர்கள் பலர் முதல் சில பக்கங்களை மட்டுமே மின்னஞ்சலில் கேட்பர். ஆறு அல்லது எட்டு முகவர்களுக்கு ஒரே காலத்தில் அனுப்பலாம். அது எவரையும் அவமதிப்பதாகாது. பதிலுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். எவருமே முழுப் பிரதியைக் கேட்காவிட்டால் கடிதத்தையும் தொடக்கப் பக்கங்களையும் மாற்றி எழுதுங்கள். முழுப் பிரதியை வாசித்தபின் பலர் மறுத்தால் நாவலையே மீண்டும் பார்க்க வேண்டும். ஒருவர் ஏற்க முன்வந்தால் மற்றவர்களுக்கு அறிவித்து இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். உடன்படிக்கையிலிருந்து விலகும் விதியை வாசிக்காமல் கையொப்பமிடாதீர்கள்.

தமிழில் எழுதியவருக்கு இன்னொரு கவனமும் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிவு எதுவும் இல்லாமலே படைப்பின் உரிமை எழுத்தாளருக்குக் கிடைக்கிறது; அவரது ஆயுட்காலத்துடன் மேலும் 70 ஆண்டுகளுக்கு அது நீடிக்கிறது. ஆயினும் தமிழ்ப் பதிப்பாளரின் ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பு உரிமையையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், முகவரால் விற்க எதுவும் மிஞ்சாது. அந்த ஒரு வரியைக் கையொப்பத்துக்கு முன்பே நீக்கச் சொல்லுங்கள். பின்னர் மொழிபெயர்ப்பாளர் ஒருவருடன் சேர்ந்து ஏறத்தாழ 10,000 சொற்களை ஆங்கிலத்தில் தயாரித்து, ஊதியத்தையும் உரிமைப் பங்கையும் இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பின்னரே முகவருக்கு எழுதுங்கள். யார் பெயரில் என்ன உரிமை இருக்கிறது என்பதுதான் அவர் உங்களிடம் முதலில் கேட்கப்போகும் கேள்விகளில் ஒன்று.