டிரெய்னிங் போய் வந்தவருக்கு அந்த சீட்டையே கொடுங்கள்

கிளை மேலாளர்களுக்காக இதை எழுதுகிறேன். வங்கி ஊழியருக்கு வேலை வெறுத்துப்போவது பெரும்பாலும் கவுன்ட்டரில் பதில் தெரியாமல் நிற்கும்போதுதான். 2025 நவம்பர் 1 முதல் டெபாசிட் கணக்கில் நான்கு நாமினி வரை போடலாம், பங்கு பிரித்தும் போடலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என வரிசையாகவும் போடலாம், ஆனால் லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான். இதைப் பேப்பரில் படித்துவிட்டு வாடிக்கையாளர் வந்து கேட்க, கிளார்க் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கிறார் என்றால், அன்று முழுக்க அவருக்கு அந்த உறுத்தல் போகாது.

அதனால் சர்க்குலரை மெயிலில் தள்ளிவிட்டு விடாதீர்கள். காலையில் கதவு திறப்பதற்கு முன் பத்து நிமிடம், ஒரே ஒரு சர்க்குலர், அதுவும் வாசிப்பது வேண்டாம்: ஒருவர் வாடிக்கையாளராகக் கேட்கட்டும், இன்னொருவர் படிவத்தை நிரப்பிக் காட்டட்டும். விளக்கும் பொறுப்பை ஜூனியருக்கே கொடுங்கள், தன்னம்பிக்கை தானாக வரும்.

வங்கியின் பயிற்சி மையமான ஸ்டாஃப் காலேஜுக்கு ஆள் அனுப்பும்போது யார் சும்மா இருக்கிறார் என்று பார்க்காதீர்கள், அடுத்து யாரை எந்த சீட்டில் உட்கார வைக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். கடன் பிரிவு டிரெய்னிங் முடித்து ஆசையோடு வந்தவரை மறுபடி கேஷிலேயே உட்கார வைத்தால், கற்றதும் மறந்துபோகும், 'எதற்குத்தான் அனுப்பினார்கள்' என்ற கசப்பும் சேர்ந்துகொள்ளும். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு கடன் விண்ணப்பத்தையாவது முதலிலிருந்து கடைசி வரை அவரே பார்க்கட்டும், நீங்கள் சரிபார்த்தால் போதும். அப்புறம், அனுப்பிய பிறகு பாதி வகுப்பில் போன் செய்து 'அந்த ஃபைல் எங்கே' என்று கேட்காதீர்கள்.

இ-லேர்னிங்கை மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் முடிக்கச் சொன்னால் எல்லோரும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்திவிட்டுப் போவார்கள். மாதத் தொடக்கத்தின் பென்ஷன் கூட்டம் அடங்கியபின் வேலை நேரத்திலேயே அரை மணி ஒதுக்குங்கள். ஜேஏஐஐபி, சிஏஐஐபி என்ற வங்கி ஊழியர்களுக்கான தேர்வுகளை எழுதுபவர்களுக்கு அதற்கு முன் லீவு மறுக்காதீர்கள், பாஸானால் இன்கிரிமென்ட் வரும், படிப்பின் பலன் சம்பளத்திலேயே தெரிவது அங்கேதான்.

ஒன்று மட்டும், ஆள் பற்றாக்குறையை எந்த டிரெய்னிங்கும் சரிசெய்யாது. இன்சூரன்ஸ் டார்கெட் கூட்டத்துக்கு டிரெய்னிங் என்று பெயர் வைத்தால் அடுத்த நல்ல வகுப்புக்கும் யாரும் மனதார வரமாட்டார்கள்.

மாதம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: "எந்த வேலை வந்தால் உங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது?" நகைக்கடனா, இறந்தவர் கணக்கு கிளெய்மா, எதைச் சொல்கிறாரோ அதற்கான டிரெய்னிங்குக்கே அடுத்த முறை அவர் பெயரை அனுப்புங்கள்.