பழைய தியேட்டருக்கு மூன்று வயது: சேலத்தில் தேடத் தொடங்குபவர்களுக்கு

சேலத்துப் பழைய தியேட்டர்களைப் பட்டியலிட உட்காருகிறவர்கள் பலரும் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். நானும் எழுதினேன். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய அது படம் எடுத்த ஸ்டூடியோ. படம் காட்டிய கொட்டகை அல்ல. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் அந்த நிறுவனத் தயாரிப்பாகத்தான் வந்தது. ஏற்காடு சாலையில் நிற்கும் அதன் வளைவின் முன் ஆசை தீரப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் மட்டும் சேர்க்காதீர்கள்.

தேடத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். தியேட்டருக்கு வயது ஒன்றல்ல, மூன்று. கட்டடம், பெயர், உரிமம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பிறப்பு, தனி முடிவு. கீற்றுக் கொட்டகை இருந்த இடத்தில் பிறகு கட்டடம் எழும். கை மாறும்போது பெயர் மாறும். உரிமம் காலாவதியான பிறகும் பெயர்ப்பலகை வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ‘அதை எப்போது மூடினார்கள்?’ என்று கேட்டால் மூன்று பேர் மூன்று ஆண்டுகளைச் சொல்வது இதனால்தான். மூவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம்.

படி 1: ஒன்றே ஒன்றைப் பிடியுங்கள்

மாவட்டம் முழுவதையும் எழுதக் கிளம்பியவர்கள் பாதியில் நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையோ, அம்மாபேட்டையோ, குகையோ, உங்கள் வீட்டுக்கு அருகில் இருந்த ஒரே தியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் கட்டடம், பெயர், உரிமம் என்று மூன்று பத்திகள் போடுங்கள். நான்காவதாக ஒரு குறுகிய பத்தி: ‘எப்படித் தெரியும்?’ இந்த நான்காவதைச் சோம்பலால் விட்டால் ஆறு மாதம் கழித்து உங்கள் எழுத்தை நீங்களே நம்ப மாட்டீர்கள்.

படி 2: சுவரைப் படியுங்கள்

தியேட்டர் கல்யாண மண்டபமாகவோ கிடங்காகவோ மாறியிருந்தாலும் கட்டடம் காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னல் இல்லாத உயரமான பக்கச் சுவர்கள், வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகளின் வரிசை, முன்பக்கம் மட்டும் சிங்காரம். பின்சுவரின் மேற்பகுதியில் சின்னச் சதுரத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். படம் ஓட்டும் அறையின் கண்கள் அவை. ஒரு மெஷினுக்கு இரண்டு: ஒன்று ஒளி போக, ஒன்று ஆபரேட்டர் எட்டிப் பார்க்க. நான்கு துளைகள் இருந்தால் இரட்டை மெஷின். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்ததை இடையறாமல் தொடரத்தான் இரண்டாவது மெஷின். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் பற்றினால் அணைக்க முடியாது என்பதால் அறையைத் தனியாக ஒதுக்கி, துளைகளுக்கு இரும்பு மூடிகள் வைத்தார்கள்.

தரையையும் கவனியுங்கள். திரையை நோக்கிச் சரிந்திருந்த தரையை மண் கொட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். மண்டபத்தின் மணமேடைப் பக்கக் கதவு மட்டும் குள்ளமாகத் தெரிந்தால் காரணம் அதுதான். உள்ளே போகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 3: தட்டுவடை செட்டு சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்

பழைய தியேட்டர் வாசலில் தட்டுவடை செட்டுக் கடை போட்டவர், சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் கொடுத்தவர், டிக்கெட் கிழித்தவர். இவர்களில் ஒருவராவது பக்கத்துத் தெருவில் இருப்பார். ‘ஐயா, அது எந்த வருடம்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்காக ஏதோ ஒரு வருடத்தைச் சொல்லிவிடுவார். ‘உங்களுக்குக் கல்யாணமாவதற்கு முன்பா, பின்பா? தரை டிக்கெட் எத்தனை காசு? அப்போது பையன் பள்ளிக்கூடம் போனானா?’ என்று கேளுங்கள். குடும்பக் கணக்கு அவ்வளவு எளிதில் பிசகாது.

எல்லாரையும்விட ஆபரேட்டரைத் தேடிப் பிடியுங்கள். மெஷினுக்குள் எரிந்து ஒளி தந்த கார்பன் குச்சிகளின் இடைவெளியை நொடிக்கொரு தரம் சரிசெய்து வெளிச்சம் காத்தவர் அவர். பிறகு செனான் விளக்கு வந்தது. கடைசியில் டிஜிட்டல் வந்ததும் படப்பெட்டியே வராமல் நின்றுபோனது. அந்தத் தியேட்டர் எந்தக் கட்டத்தோடு நின்றது என்று அவர் சொன்னாலே காலம் ஏறக்குறைய பிடிபட்டுவிடும்.

இங்கேதான் நான் விழுந்தேன். பெரியவர் ஒருவர், திறப்பு விழா அன்று ஓடிய படத்தின் பெயரைக் கதையோடு சொன்னார். படம் வெளியான ஆண்டைப் பார்த்து, அதையே தியேட்டர் பிறந்த ஆண்டாக எழுதிவிட்டேன். அது மறுவெளியீடு. அன்றைக்குப் பிரிண்டுகள் குறைவு. சின்ன இடங்களுக்குப் பெட்டி வர மாதக்கணக்காகும், ஓடிய படங்களையே ஆண்டுகள் கழித்தும் திரும்பப் போடுவார்கள். படத்தின் பெயர் சொல்வது ‘அதற்கு முன்னால் இல்லை’ என்பதை மட்டும்தான். என் பிழையைப் பின்னால் ஒரு பத்திரம் காட்டிக்கொடுத்தது. அதைப் படி 6இல் சொல்கிறேன்.

படி 4: நோட்டீசும் நாளிதழும்

நூலகத்தில் பழைய நாளிதழ்த் தொகுப்பு கிடைத்தால் தீபாவளி, பொங்கல் இதழ்களை முதலில் புரட்டுங்கள். தியேட்டர் பெயர்களை வரிசையாக அடுக்கும் முழுப்பக்க விளம்பரங்கள் அப்போதுதான் அதிகம். பாட்டுப் புத்தகங்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா நூலகம் நல்ல இடம்.

வீட்டுப் பரணில் கிடைக்கும் நோட்டீசில் தேதியும் கிழமையும் இருக்கும், ஆண்டு இருக்காது. பயப்பட வேண்டாம். ‘ஜனவரி 14 வெள்ளி முதல்’ என்று அச்சிட்டிருக்கிறது என்று வையுங்கள். 1949 முதல் 1972 வரை அந்தத் தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தது நான்கே முறை: 1949, 1955, 1966, 1972. டிக்கெட் விலை அணாவிலா, காசிலா என்று பார்த்தால் இன்னும் இரண்டு கழியும். புதுக் காசு 1957இல் வந்தது.

படி 5: உரிமக் கோப்பு

தமிழ்நாட்டில் திரையரங்குகளுக்கு 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957ஆம் ஆண்டின் விதிகளும் உண்டு. உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். தொழிலில் இருப்பவர்கள் இதை ‘சி பார்ம்’ என்பார்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு அனுப்புங்கள். முதல் உரிமம் எந்தத் தேதியில், என்ன பெயரில், நிரந்தரத் தியேட்டரா டூரிங் என்ற தற்காலிகக் கொட்டகையா, கடைசிப் புதுப்பிப்பு எப்போது என்று கேட்டு, நகல் கோருங்கள். ‘ஏன் மூடினார்கள்?’ என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டத்தில் கிடைப்பது ஆவணம்தான், கருத்து அல்ல.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ‘கோப்பு இல்லை’ என்று ஒற்றை வரி வந்தது. அதோடு விட்டுவிடாதீர்கள், அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நீங்கள் கதவு மாறித் தட்டியிருக்கவும் கூடும். பழைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. தருமபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல். கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. நாமக்கல் தியேட்டரின் தொடக்ககாலக் கோப்பு சேலத்தில் தொடங்கியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். விநியோகஸ்தர்கள் இந்த நான்கு மாவட்டங்களையும் ‘சேலம் ஏரியா’ என்றே சொல்கிறார்கள். அவர்கள் கணக்கில் பிரிவினையே நடக்கவில்லை.

படி 6: பக்கத்து வீட்டுப் பத்திரம்

சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரம் பார்க்கலாம். அதற்கும் முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டியிருக்கும். ஆனால் புதையல் அங்கே இல்லை. பக்கத்து மனைக்காரரின் பழைய கிரயப் பத்திரத்தில் சக்குபந்தி என்று நான்கு எல்லைகளை எழுதியிருப்பார்களே, அங்கே இருக்கிறது. ‘டாக்கீஸுக்குக் கிழக்கு’ என்று ஒரு பத்திரம் சொன்னால் அந்தத் தேதியில் தியேட்டர் இருந்திருக்கிறது. நான் தேதி தவறிய தியேட்டரின் பக்கத்துப் பத்திரத்தில் அதே இடம் ‘காலி மனை’ என்று இருந்தது. நான் எழுதிய ஆண்டுக்குப் பிந்திய பத்திரம் அது. அன்றைக்கே நோட்டில் அடித்துத் திருத்தினேன்.

சொத்துத் தகராறு, கடன், பாகப்பிரிவினை எல்லாம் அதில் கண்ணில் படும். தியேட்டர் வரலாற்றுக்குத் தேவையானதை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள்.

படி 7: மேலிருந்து பார்த்தல்

சமீபத்தில் இடித்தவற்றுக்கு இது போதும். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதிவாரியாக நகர்த்தலாம். நீளமான தகரக் கூரை ஒரு படத்தில் இருக்கும், அடுத்ததில் வெறும் மண்ணாக இருக்கும். இரண்டு தேதிகளையும் எழுதி ‘இவற்றுக்கு இடையில்’ என்று போடுங்கள். ஒற்றைத் தேதி போட ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 8: நிரப்புதல்

என் தியேட்டரின் நோட்டில் கட்டடப் பத்தி முடிந்துவிட்டது. அங்கே இப்போது மூன்று மாடிப் பர்னிச்சர் கடை நிற்கிறது. உரிமப் பத்தியில் கடைசிப் புதுப்பிப்பின் ஆண்டு இருக்கிறது. பெயர்ப் பத்தியில்தான் முடிவு எழுத முடியவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, ஆட்டோ ஸ்டாண்டின் பலகையில் தியேட்டரின் பெயருக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.